ஹானா, பிளாக்மன்–ஹாரிஸா, கைசரா: சாளரத்தின் உண்மையான செலவு எங்கே இருக்கிறது?

ஒலிச் சமிக்ஞையைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு உள்ளன என்று பிரித்துக் காட்டும் எஃப்.எஃப்.டி. கணக்கிடம் கொடுக்கிற எவரும் முதல் நாளிலேயே கசிவைச் சந்திக்கிறார். துண்டின் இரு முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, ஒரே ஒரு சுரத்தின் ஆற்றல் அலைமாலை (அதிர்வெண் வாரியான படம்) முழுவதும் சிதறுகிறது; அதுதான் கசிவு. அந்தப் படத்தில் சுரம் இருக்கும் இடத்தில் எழும் மேடு முதன்மை மடல், சிதறியதால் அதன் இருபுறமும் எழும் சிறு மேடுகள் பக்க மடல்கள். அப்படியே வெட்டி விடும் செவ்வகச் சாளரத்தில் முதல் பக்க மடல் உச்சியைவிட 13 டெசிபல்தான் தாழ்ந்திருக்கிறது. ஒலி வேலைக்கு அது போதவே போதாது.

துண்டின் ஒவ்வொரு மாதிரியையும் (ஒலியின் ஒவ்வோர் அளவீட்டையும்) பெருக்கும் எண்களின் வளைவே சாளரம். முனைகளைத் தணிக்க எந்தச் சாளரம் சிக்கனமானது? பலரும் சூத்திரத்தின் நீளத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஹானில் ஒரே ஒரு கொசைன், பிளாக்மன்–ஹாரிஸில் மூன்று, கைசரில் பெசல் சார்பு. ஆகவே ஹான் விரைவானது என்கிறார்கள். இந்தக் கணக்கு தவறு. சாளரத்தை ஒரு முறை கணக்கிட்டு அட்டவணையில் வைத்துவிட்டால், பிறகு எல்லாமே ஒரு மாதிரிக்கு ஒரு பெருக்கல்தான். சமச்சீர் இருப்பதால் பாதி அட்டவணையே போதும். செலவைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: முதன்மை மடலின் அகலமும், துண்டுகள் எவ்வளவு மேற்பொருந்த வேண்டும் என்பதும்.

440 ஹெர்ட்ஸ் சுரத்தையும் அதற்கு அடுத்த அரைச் சுரமான 466 ஹெர்ட்ஸையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி வீதம் வினாடிக்கு 48,000. மாதிரி வீதத்தைத் துண்டின் நீளத்தால் வகுத்தால் வரும் அதிர்வெண் படியே ஒரு கட்டம். ஹானின் முதன்மை மடல் 4 கட்டங்கள் அகலம். அதில் பாதியளவு இடைவெளி வேண்டுமென்றால் சுமார் 3,670 மாதிரிகள் தேவை; இரண்டின் அடுக்காக உயர்த்தினால் 4,096 புள்ளிகள். பிளாக்மன்–ஹாரிஸின் மடல் 8 கட்டங்கள். அதற்கு 8,192 புள்ளிகள் வேண்டும். 85 மில்லிவினாடித் துண்டு 171 மில்லிவினாடியாகிறது. வேகமான வாசிப்பில் அதற்குள் இரண்டு சுரங்கள் வந்து போய்விடும்.

மேற்பொருந்தலும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பாதிக்குப் பாதி நகர்த்தும்போது இரு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஹானின் மதிப்பு 0.5, பிளாக்மன்–ஹாரிஸில் ஏறத்தாழ 0.22. அந்த நொடியில் விழுந்த ஒரு தட்டலை இரண்டு துண்டுகளுமே சரியாகப் பார்ப்பதில்லை. எனவே கால் துண்டு நகர்வுக்குப் போக வேண்டியிருக்கிறது. 4,096 புள்ளி ஹானைப் பாதியாக நகர்த்தினாலும், 8,192 புள்ளி பிளாக்மன்–ஹாரிஸைக் காலாக நகர்த்தினாலும் வினாடிக்கு ஒரே எண்ணிக்கையில்தான் எஃப்.எஃப்.டி. ஓடுகிறது. ஆனால் ஒவ்வொன்றின் வேலையும் இரு மடங்குக்கு மேல்.

இவ்வளவு கொடுத்து எதை வாங்குகிறோம்? பக்க மடல்கள் 92 டெசிபல் தாழ்ந்துவிடுகின்றன. 16 பிட் ஒலியின் வீச்சான 96 டெசிபலுக்கு மிக அருகில். ஹானின் முதல் பக்க மடல் வெறும் 31 டெசிபல் தாழ்வு. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் ஹானை ஒதுக்கிவிடுவார். ஆனால் ஹானின் மடல்கள் அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 18 டெசிபல் சரிகின்றன. 25 கட்டங்கள் தள்ளிப் போனால் ஹானே 92 டெசிபலுக்குக் கீழே போய்விடுகிறது. 4,096 புள்ளிகளில் அது சுமார் 293 ஹெர்ட்ஸ். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் இரண்டாம் சீரிசை 880இல் இருக்கிறது, ஹான் அதைத் தாராளமாகக் காட்டும். உரத்த சுரத்துக்கு மிக அருகில் மெல்லிய ஒன்றைத் தேடும்போதுதான் பிளாக்மன்–ஹாரிஸ் தன் விலைக்குத் தகுதியாகிறது. மின்விநியோக இரைச்சல் ஒரு சுரத்தின் இருபுறமும் 50 ஹெர்ட்ஸ் தள்ளி விட்டுச்செல்லும் தடம் அப்படிப்பட்டது.

ஹாமிங் என்ற இன்னொரு சாளரத்தின் அருகு மடல்கள் ஹானைவிடத் தாழ்ந்தவை, சுமார் 43 டெசிபல். பேச்சு ஆய்வில் அதற்கு நிலையான இடம் உண்டு. ஆனால் முனைகளில் அது சுழியத்தைத் தொடாமல் 0.08இல் நின்றுவிடுகிறது. அலைமாலையைத் திருத்தி மீண்டும் ஒலியாக்கும் வேலைக்கு அதை நான் எடுப்பதில்லை.

அந்த மீட்டெடுப்பில் அழகான ஒரு விதி உண்டு. சாளரத்தில் உள்ள மிக உயர்ந்த கொசைன் வரிசை எதுவோ, அதைவிட ஒன்று கூடுதலான துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கூட்டுத்தொகை மாறிலியாகிவிடும். ஹானுக்கு 2, இரண்டு கொசைன் உள்ள பிளாக்மனுக்கு 3, பிளாக்மன்–ஹாரிஸுக்கு 4. பகுக்கும்போதும் சேர்க்கும்போதும் ஹானைப் பெருக்கினால் அதன் இருபடி வந்து, 3 தேவைப்படும். இரு பக்கமும் ஹானின் வர்க்கமூலத்தை, அதாவது அரைச் சைன் வளைவை, வைத்தால் 2 போதும். நான் பார்த்தவரை மிகப் பெரிய சிக்கனம் இந்த ஒரு மாற்றத்தில்தான் கிடைக்கிறது.

ஆனால் வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். 1,024 புள்ளி ஹானில் கொசைனின் கோணத்தை 1,024ஆல் வகுத்து எழுதினால்தான் கூட்டுத்தொகை தட்டையாக வரும். 1,023ஆல் வகுக்கும் சமச்சீர் வடிவத்தில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு ஏற்ற இறக்கம் மிஞ்சுகிறது, வினாடிக்கு 94 முறை. அமைதியான ஒரு குரல் பதிவின் அடியில் அந்த மெல்லிய அதிர்வைக் காட்டிய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நாட்கள் வடிகட்டியில் பிழை தேடியிருக்கிறேன். வடிகட்டியில் பிழையே இல்லை.

வடிகட்டி வடிவமைப்பில் கைசருக்கு நிகர் இல்லை. பிளாக்மன் சாளரம் தருவது ஏறத்தாழ 74 டெசிபல் தடுப்பு; கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கைசரில் 96 டெசிபல் வேண்டுமென்றால் அதன் வடிவத்தை மாற்றும் பீட்டா என்ற எண்ணை 9.62 என்று வைத்தால் போதும். 48,000 வீதத்தில், கடத்துவதிலிருந்து தடுப்பதற்கு மாறும் பட்டை 2,000 ஹெர்ட்ஸ் என்றால், சுமார் 148 கெழுக்கள் (வடிகட்டியின் பெருக்கு எண்கள்). 80 டெசிபல் போதுமென்றால் கெழுக்களும் சுமார் 121ஆகக் குறைந்துவிடும். இங்கே ஒவ்வொரு கெழுவும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பெருக்கல் என்பதால், மிச்சம் உடனே கைக்கு வருகிறது.

ஒலிச் சுருக்கத்தில் போட்டி சைனுக்கும் கைசர்–பெசல் வழிவந்த சாளரத்துக்கும் இடையே. எம்.பி.3 சைனோடு நிற்கிறது, ஏ.சி.3 மற்றதை ஏற்கிறது, ஏ.ஏ.சி. இரண்டையும் அனுமதிக்கிறது. நெருங்கிய சீரிசைகள் அடர்ந்த ஒலிக்கு சைனின் குறுகிய மடல் உதவும். தள்ளித் தள்ளி நிற்கும் உரத்த சுரங்களுக்கு மற்றதன் ஆழ்ந்த தணிப்பு உதவும். இரண்டுக்கும் பெருக்கல் எண்ணிக்கை ஒன்றே, மேற்பொருந்தலும் அதே பாதிதான்; கூடுதலாகக் கேட்பது இன்னொரு அட்டவணைக்கான நினைவகத்தை மட்டும்.