அகலப் பட்டையா, குறுகிய பட்டையா? ஸ்பெக்ட்ரோகிராமில் எதை எப்போது போடுவது

ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் படமாக (கிடையில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், கருமையில் வலிமை) பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். பிராட் போதும், ஆடாசிட்டியும் போதும். படத்தின் தலையெழுத்து விண்டோ நீளத்தில் இருக்கிறது. அதாவது, ஒரு நேரத்தில் எவ்வளவு ஒலியை வெட்டியெடுத்து அலசுகிறோம் என்பதில்.

"பழம்" என்று ஓர் ஆண் சொல்வதைப் பதிந்து பிராட்டில் திறந்தால் வருவது அகலப் பட்டைப் படம். விண்டோ 5 மில்லிசெகண்ட். சுமார் 260 ஹெர்ட்ஸுக்குள் நெருங்கி நிற்கும் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆனால் நேரம் கத்திபோல் துல்லியம். பகரத்தில் உதடு பிரியும் கணம் செங்குத்தான மெல்லிய கோடாக விழும். அடுத்து வரும் அகரத்தில், குரல்நாண் மூடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கீற்று. ஃபார்மன்ட் எனப்படும், வாயும் தொண்டையும் ஒத்ததிரும் இடங்களைக் காட்டும் கரும்பட்டைகளில் மூன்றாவது, ழகரத்தில் சரிந்து இரண்டாவதை நெருங்கும். லகரத்தில் அது அப்படி இறங்காது. ழகரம் சொல்லப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது.

அதே பதிவில் விண்டோவை 30 மில்லிசெகண்ட் ஆக்கினால் குறுகிய பட்டைப் படம், சுமார் 43 ஹெர்ட்ஸ். கீற்றுகள் மறைந்து 120, 240, 360 ஹெர்ட்ஸ் என ஹார்மோனிக்குகள் (அடிச்சுருதியின் மடங்குகள்) கிடைக்கோடுகளாக எழும். குரல் ஏறி இறங்குவது தெரியும். பகரக் கோடோ பரவி மங்கிவிடும். நேரத் துல்லியம், அதிர்வெண் துல்லியம் இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் நடக்காது. கம்ப்யூட்டரை மாற்றியும் பயனில்லை. 1946லேயே இயற்பியலாளர் டென்னிஸ் கேபர் இந்த எல்லையைக் கணக்காகக் காட்டிவிட்டார். இந்தப் படங்களைக் காகிதத்தில் வரைந்த பழைய சோனாகிராஃப் கருவியிலும் 45, 300 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஃபில்டர்கள் இருந்தது இதனால்தான்.

பேச்சுக்கு என் ஓட்டு அகலப் பட்டைக்கு. குழந்தைக் குரலில் மட்டும் உஷார். சுருதி 300 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அகலப் பட்டையிலும் ஹார்மோனிக்குகள் தனித்தனியாகத் தெரியும், அவற்றை ஃபார்மன்ட் என்று எண்ணிவிடுவோம். 3 மில்லிசெகண்டுக்கு இறக்குங்கள். நிறம் எதற்கும் கறுப்பு வெள்ளையே. வானவில் நிறங்கள் இல்லாத விளிம்புகளைக் காட்டும்.

சங்கீதத்துக்கு கான்ஸ்டன்ட் க்யூ என்று மூன்றாவது ஆள் ஒன்று உண்டு; அதிர்வெண் இறங்க இறங்க விண்டோவை நீட்டிக்கொண்டே போகும் முறை அது. ஸ்தாயி எதுவானாலும் ஸ்வர இடைவெளி ஒரே அளவில் விழும், பார்க்க அழகு. ஆனால் ஸ்தாயிக்கு 12 கட்டம் வைத்தாலே 100 ஹெர்ட்ஸில் விண்டோ சுமார் 170 மில்லிசெகண்ட் ஆகிறது. கமகம் தெரிய 60 கட்டம் வைத்தால் முக்கால் செகண்டைத் தாண்டும். மிருதங்கத்தின் தொப்பி அடிகள் கரைந்துபோகும், கீழ் ஸ்தாயியில் கமகமும் கூடவே.

தனிக்குரல் பதிவென்றால் கமகத்துக்கு, சாஃப்ட்வேர் கணித்துப் போடும் சுருதிக் கோடே மேல். கச்சேரிப் பதிவில் அது பாடகரை விட்டு வயலினுக்குத் தாவும். அங்கே நான் குறுகிய பட்டைக்கே திரும்புவேன், நான்காவது ஹார்மோனிக்கைக் கண்ணால் பின்தொடர்வேன். அடிச்சுருதியில் 10 ஹெர்ட்ஸ் அசைவு அங்கே 40 ஆகத் தெரியும்.