ரியோகானா, கோயில் விடுதியா?

ஜப்பானில் ஒரு ராத்திரியாவது தத்தாமி பாய் விரித்த அறையில் தூங்க ஆசை என்றால் இரண்டு வழி. ஹகோனே போன்ற வெந்நீர் ஊற்று ஊரில் ரியோகான், அதாவது பாரம்பரிய ஜப்பானிய விடுதி. அல்லது கோயாசான் மலையில் புத்தக் கோயில்களே நடத்தும் விடுதியான ஷுகுபோ.

செலவு: இரண்டிலும் கணக்கு ஆளுக்குத்தான், அறைக்கு இல்லை. இருவேளை உணவோடு நல்ல ரியோகானுக்கு 20,000 யென்னுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஷுகுபோ பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

சாப்பாடு: நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ரியோகானில் சைவம் என்று சொன்னாலும் சூப்பில் தாஷி, அதாவது உலர்ந்த மீன் கொதித்த சாறு, இருக்கக்கூடும். முன்பதிவிலேயே “மீன் சாறும் வேண்டாம்” என்று எழுதுங்கள். முடியாது என்று சில இடங்களில் சொல்லிவிடுவார்கள். ஷுகுபோவில் அந்தக் கவலை குறைவு. அங்கே ஷோஜின் என்கிற புத்தத் துறவிகளின் சமையல்: மீன், இறைச்சி மட்டுமல்ல, பூண்டு வெங்காயமும் கிடையாது. உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபுவைக் கடித்தால் பஞ்சைப் பிழிந்ததுபோல் சாறு இறங்கும்.

குளியல்: ரியோகானுக்கே என் ஓட்டு. உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பொதுத் தொட்டியில் இறங்க வேண்டும், அதுவும் துணியில்லாமல். கூச்சமா, பச்சை குத்தியிருக்கிறீர்களா? தனிக் குளியல் உள்ள இடமாகப் பாருங்கள்.

ராத்திரி: ரியோகானில் சாப்பிட்டு வருவதற்குள் மெத்தை விரித்திருப்பார்கள். கோயிலில் காலை ஆறு மணி வாக்கில் பூஜை, குளிர்காலத்தில் எலும்பு வரை குளிரும்.

உடம்பு வலி தீரவும் உபசாரத்துக்கும் ரியோகான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் தனியே போகிறவர்களுக்கும் கோயாசான்.