தூண்டில்ல போடுற பிரெய்ட் (இழை பின்னுன லைன்) சும்மா சும்மா அறுந்தா உடனே புது லைன் வாங்கிடாதீங்க, நான் வாங்கி ஏமாந்தேன்

ரெண்டு மாசத்துல மூணு லூர் (பொய் இரை), ரெண்டு ஸ்பூல் பிரெய்ட், ராடு நுனிக்கு ஒரு ரிங், லீடர் (லைன் முனையில சேக்குற தடிமனான நரம்பு) கட்ட கூலி, எல்லாம் சேத்து 6,850 ரூபா போச்சு, கைக்கு வந்து போன கொடுவா மீனை இதுல சேக்கல. கடை பேரை கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்றேன், ஏன்னா இதே மாதிரி எத்தனை பேர் "லைன் சரியில்ல"ன்னு நெனச்சு காச கொட்டிட்டு இருக்காங்களோ.

ஆரம்பம் என் தப்புதான். கோவளத்துல இருந்து திரும்பும்போது கார் கதவுல மாட்டி ராடு நுனி ஒரு இஞ்ச், லைன் வெளிய போற ரிங்கோட போயிடுச்சு. வழக்கமா சாமான் வாங்குற கடைக்கே எடுத்துட்டுப் போனேன். "செராமிக் ரிங்கு சார், ஜப்பான் ஐட்டம், 600 ஆகும்"னார் கடைக்காரர். உள்ள எடுத்துட்டுப் போய் பத்து நிமிஷத்துல ஒட்டிக் கொண்டாந்துட்டார். பில்லு கேட்டா நாள்காட்டி தாளைக் கிழிச்சு அதுல 600ன்னு எழுதிக் குடுத்தார், நானும் சிரிச்சுட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை எண்ணூர் பக்கம் தூண்டில் வளைவுல (கடலுக்குள்ள கல்லு கொட்டுன கரை) நின்னு ஏழாவது எட்டாவது காஸ்ட் (வீச்சு) இருக்கும், பட்டுனு ஒரு சத்தம், ராடு லேசாயிடுச்சு, 28 கிராம் ஸ்பூன் லூர் மட்டும் தனியா இலங்கைப் பக்கம் போயிட்டு இருந்துச்சு. லைன் PE 2, அது தடிமனைச் சொல்ற நம்பர். தையல் நூல் மாதிரி 0.235 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனா 40 பவுண்டு, அதாவது 18 கிலோ தாங்கணும். அதே தடிமன்ல நைலான் நரம்பு எடுத்தா நாலு அஞ்சு கிலோதான் தாங்கும். அப்படிப்பட்ட சாமான் வீசும்போதே அறுந்தா ஏதோ இருக்குன்னு அர்த்தம். நான் முதல்ல காத்துல விழுற முடிச்சுன்னு நெனச்சேன், இல்லன்னா ஸ்பூல்ல லூசா சுத்தி மேல் சுத்து அடி சுத்துக்குள்ள புதைஞ்சிருக்கும்னு நெனச்சேன், ரெண்டுமே பிரெய்ட்ல சகஜம். ரீலைப் பாத்தேன், சுத்து டைட்டாதான் இருந்துச்சு.

கடைக்காரர்ட்ட போனா லைனை விரல்ல உருட்டிப் பாத்துட்டு "வெயில்ல செத்துப் போச்சு சார், இது ஒன்றரை வருஷம் ஓடுனதே பெருசு"ன்னார். எட்டு புரி பின்னுனது, 150 மீட்டர், 1,900 ரூபா. வாங்கினேன். அடுத்த வாரமே புதுசும் அறுந்துச்சு. திரும்பப் போனேன். "உங்க முடிச்சு சார், டிரை முடிச்சு இறுக்குனா சூட்டுல லைன் வெந்துரும்"னார். அது உண்மையும்கூட, பிரெய்ட் பாலிஎத்திலீன்தான், அது சூட்டுக்கு ரொம்ப வீக்கு, எச்சில் தொட்டுதான் இறுக்கணும். அதனாலயே நம்பிட்டேன், பாருங்க, பொய்ய விட பாதி உண்மைதான் நம்மள சாய்க்குது. 150 ரூபா வாங்கிட்டு அவரே FGன்னு ஒரு முடிச்சு போட்டு பிரெய்ட்ல லீடர் கட்டிக் குடுத்தார்.

அந்த முடிச்சோடதான் கொடுவா போச்சு. விடியக்காலைல அடிச்சுது, டிராக் (ரீலோட பிரேக்) மூணு கிலோவுக்கு வச்சிருந்தேன், ரெண்டு தடவை தண்ணிய விட்டு எகிறி தலைய உதறுச்சு, ரெண்டு தடவையும் லைன் தாங்குச்சு. கிட்ட வந்து காலடியில கீழ்நோக்கி இழுத்துது பாருங்க, அங்க போச்சு. சுருட்டிப் பாத்தா கையில லீடரே இல்ல. முடிச்சுக்கு மேல எங்கேயோ அறுந்திருக்கு. அவர் கட்டுன FG முடிச்சு மீனோட வாயிலயே ஜம்முனு போயிருக்கு. அப்ப முடிச்சு குத்தம் கிடையாதே.

"கல்லுல உரசியிருக்கும் சார்"ன்னு ரெண்டாவது ஸ்பூலையும் தலைல கட்டினார். கல்லுல சிப்பி ஒட்டியிருக்குறது நெஜந்தான், இழுவைல இருக்குற பிரெய்ட் அதுல பட்டா சொல்லவே வேணாம். சரி பாத்துடலாம்னு பழவேற்காடு முகத்துவாரத்துக்குப் போனேன். நான் நின்ன எடத்துல மணல்தான், ஒரு கல்லு கிடையாது. அங்கயும் அறுந்துச்சு. மூணாவது லூர்.

இதுல என்னை இன்னும் குழப்புனது என்னன்னா நடுவுல ஒரு நாள் இன்னொரு ரீல்ல இருந்த பழைய நைலான் நரம்பை அதே ராடுல போட்டு நாள் பூரா வீசினேன், ஒண்ணுமே ஆகல. அப்ப பிரெய்ட்தான் டூப்ளிகேட்னு முடிவு பண்ணேன். வீட்டுக்கு வந்து ஒரு துண்டை வெட்டி சோப்புத் தண்ணியில நனைச்சு டம்ளர்ல அமுக்கிப் பாத்தேன், மேல வந்து மிதந்துச்சு. நைலானோ பாலியஸ்டரோ கலந்திருந்தா அடியில போயிருக்கும். லைட்டர் காமிச்சேன், கரும்புகை இல்ல, சுருங்கி உருகுச்சு, மெழுகுவத்தி அணைச்ச வாசம். அடுத்து மொட்டை மாடில பைப்புல ஏழெட்டு சுத்து சுத்தி (முடிச்சு போட்டா முடிச்சுல அறுந்து தப்புக் கணக்கு காட்டும்), அடுத்த முனையையும் வாளிப் பிடியில அதே மாதிரி சுத்தி, ஒவ்வொரு மக்கா தண்ணி ஊத்தினேன். 16 லிட்டர் வரைக்கும் தாங்குச்சு. லைன் ஒரிஜினல்!

அப்புறம்தான் அறுந்த முனைய ஒழுங்கா உக்காந்து பாத்தேன். இத முதல் நாளே பண்ணியிருக்கணும். முடிச்சு நழுவுனா முனை பன்னிவால் மாதிரி சுருண்டிருக்கும். பல்லோ கத்தியோ பட்டா வெட்டுன மாதிரி இருக்கும். என்னோடது ரெண்டு மூணு மீட்டருக்கு பஞ்சு பஞ்சா பூத்திருந்துச்சு. அப்ப எங்கேயோ போகும்போதும் வரும்போதும் தேயுது. ரீல்ல லைன் ஓடுற உருளையைப் பாத்தேன், நல்லா சுத்துது. பாக்கி ரிங்தான். அக்கா பொண்ணோட காது குடையுற பஞ்சுக்குச்சிய வாங்கி ஒவ்வொரு ரிங்குக்குள்ளயும் விட்டு சுத்தினேன், எல்லாம் வழுக்கிட்டுப் போச்சு, நுனி ரிங்ல மட்டும் கீழ்ப்பக்கம் ஒரே எடத்துல வெள்ளையா ஒரு இழை மாட்டிட்டு நின்னுச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. போன் கேமராவ ஜூம் பண்ணா கறுப்பு செராமிக்ல முடி மாதிரி ஒரு விரிசல்.

நைலான் ஒரே கம்பி, மேல கீறுனாலும் கொஞ்ச நாள் ஓடும், பிரெய்ட் முடிய விட மெல்லிசான நூத்துக்கணக்கான இழை பின்னுனது, ஒவ்வொரு காஸ்ட்டுக்கும் அதுல நாலஞ்சு இழை போயிட்டே இருந்திருக்கு. சந்தேகம் தீரல, அதே புது லைனை அந்த ரிங் வழியா வளைச்சு நாப்பது தடவை முன்னும் பின்னும் இழுத்துட்டு வாளிய தொங்கவிட்டேன். ஆறாவது லிட்டர்ல வாளி கால்ல விழுந்துச்சு.

ரிங்கை லைட்டர்ல லேசா சூடாக்கி உருவினேன். குழாய்க்குள்ள ரெண்டு பசை. ஓரமா கருகிப்போன பழைய பழுப்பு பசை, அதுக்கு மேல புது வெள்ளைப் பசை. வேற எவனோட உடைஞ்ச ராடுல இருந்தோ உருவி, புதுசுன்னு 600 வாங்கிட்டு, அது அறுக்க அறுக்க லைனும் அவரே வித்திருக்கார். ரெண்டு தடவை ராடோடதான் போனேன், ஒரு தடவைகூட நுனியத் தொட்டுப் பாக்கல.

கேட்டதுக்கு "ரிங்குக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார், பல்பு மாதிரி"ன்னார். அடுத்த லைனுக்கு பத்து பர்சன்ட் கம்மி பண்றாராம். ஒழுங்கா பில் வாங்கியிருந்தா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் போட்டிருப்பேன், நாள்காட்டி தாளை வச்சுக்கிட்டு என்னத்த சொல்றது. ரிங் மாத்தக் குடுத்தா கண்ணு முன்னாடி கவரைப் பிரிச்சு ஒட்டச் சொல்லுங்க, வெளிய வர்றதுக்கு முன்னாடி பஞ்ச விட்டுப் பாருங்க. நான் இப்ப வேற எடத்துல 350க்கு ரிங் வாங்கி நானே ஒட்டிக்கிட்டேன், ஆறு வாரமா ஒரு தடவைகூட அறுக்கல.

"வெயில்ல செத்துப்போன" அந்த முதல் லைன எண்ணூர்ல கைத்தூண்டில் போடுற பெரியவர்ட்ட அப்பவே சும்மா குடுத்துட்டேன். போன வாரம் பாத்தேன், விரலு அறுக்காம இருக்க சைக்கிள் டியூப வெட்டி மாட்டிக்கிட்டு அதுலதான் பாறை மீன் இழுத்துட்டு இருந்தார். "நைனா, அத திருப்பிக் குடுங்க, புதுசு தரேன்"னேன். "போடா, இது நல்ல கயிறு"ன்னுட்டார்.