நீரில் மூழ்கும் சுக்கான் சர்வோ: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1:144 அளவில் நான் கட்டிய ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ போர்க்கப்பல் ஏறக்குறைய 1.58 மீட்டர் நீளமுடையது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு 1941 டிசம்பர் 10ஆம் தேதி மூழ்கிய மூலக் கப்பலில், பின்புறம் டார்பிடோ தாக்கியபோது புரொப்பெல்லரைச் சுழற்றும் உந்துதண்டின் பாதை வழியாகவே வெள்ளம் உள்ளே பாய்ந்தது. அதனாலேயே மாதிரியைக் கட்டும்போதும் பின்புறத்தில்தான் என் கவனம் அதிகம் இருந்தது.

மாதிரிக் கப்பல் போரில் பால்சா மரப் பக்கங்களைச் சிறு குண்டுகள் துளைக்கும். கப்பல் மூழ்குவதும் ஆட்டத்தின் பகுதியே. நான் வசிக்கும் சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுமென்பதால் நான் பீரங்கி பொருத்தவில்லை. ஆயினும் சுக்கானை இயக்கும் சிறு மின்மோட்டார்ப் பெட்டியான சர்வோ நீருக்கடியிலும் திரும்ப வேண்டும் என்பதைக் கட்டாயமாக வைத்துக்கொண்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் ஒரு வாளி நீரில் அதை முக்கி இயக்கிப் பார்த்து வருகிறேன்.

முதல் சர்வோவின் இணைப்புகளில் வினிகர் வாசம் வீசும் சாதாரண சிலிக்கான் பசையைப் பூசினேன். சில வாரங்கள் கழித்து நான்கு திருகாணிகளையும் கழற்றிப் பார்த்தபோது, பற்றவைத்த செப்புக் கம்பிகளின் மேல் பச்சை நிறப் பொடி பூத்திருந்தது. உலரும்போது அப்பசை வெளியிடும் அசெட்டிக் அமிலமே செம்பை அரித்திருந்தது. இப்போது அமிலம் வெளியிடாத நியூட்ரல் வகையை மட்டுமே வாங்குகிறேன். இரண்டாவது சர்வோவில் மின்சுற்றுப் பலகைக்கு இட்ட நீர்புகாப் பூச்சு, தண்டின் கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குள்ளும் இறங்கிவிட்டது. நகரும் தொடுமுனை தடுமாறியதால் சுக்கான் நடுங்கிக்கொண்டே இருந்தது. பலகைக்குப் பூச்சு அவசியம், ஆனால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டே பூச வேண்டும்.

எனினும், பெட்டியின் விளிம்புகளைவிட, சுழலும் தண்டு வெளியே வரும் துளையே பெரிய பலவீனம் என்பதை மூன்றாண்டுகள் எனக்குக் காட்டின. அங்கே நைட்ரைல் ரப்பராலான ஓ-வளையத்தை (நீர் புகாமல் அடைக்கும் வளையம்) இட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன். சிலிக்கான் ரப்பர் வளையம் அதே கிரீஸில் ஊதிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். தண்டு சுழலச் சுழல கிரீஸ் தேய்கிறது, ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். கம்பி நுழையும் இடத்தில் எபாக்சி பசை போதும். ‘ஐபி67’ என்று குறிக்கப்பட்ட சர்வோவும் வாங்கினேன். அந்தத் தரச்சான்று 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அசையாது கிடப்பதைச் சோதிப்பதே தவிர, மாதக்கணக்கில் தேயும் தண்டைச் சோதிப்பதில்லை.

சர்வோவை மூடிய டப்பாவுக்குள் வைக்கும் வழியை நான் கைவிட்டேன். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே சிக்கி, இரவில் மூடியின் அடியில் துளித்துளியாகப் படிந்துவிடுகிறது. மூழ்கி எழுந்ததும் நன்னீரில் அலசி, மேல்மூடியைத் திறந்து மின்விசிறியின் கீழ் ஓர் இரவு உலர்த்துவதே எனக்கு நல்ல பலன் தந்தது. இப்போதுள்ள சர்வோ இரண்டாவது ஆண்டாக வேலை செய்கிறது. துருப்பிடித்த திருகாணிகளை மட்டும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றியிருக்கிறேன்.