உப்புத் தண்ணி ஊர்ல ரின்ஸ்லெஸ் வாஷ் - ரெண்டரை வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சுகிட்டது

ரின்ஸ்லெஸ் வாஷ்னா கார கழுவிட்டு கடைசியில தண்ணி ஊத்தி அலசாம துடைச்சே முடிக்கிற முறை. நமக்கு ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு ஜில்லாதான், ஆனா வீட்லயும் கடைத்தெருவுலயும் தமிழ்தான். வேலை பொள்ளாச்சியில, அதனால தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி போயிட்டு வர்றேன். வண்டி நீலக் கலர் பலேனோ. டார்க் கலர் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், ஒரு சின்னக் கோடு விழுந்தாலும் வெயில்ல பளிச்சுனு காட்டிக் கொடுத்துரும்.

முதல் ஒரு வருஷம் வீட்ல போர் தண்ணிய ஓஸ்ல அடிச்சு ஷாம்பு போட்டுத்தான் கழுவுனேன், நேரம் இல்லாத வாரம் வாட்டர் சர்வீஸ்ல விட்டுருவேன். எங்க போர் தண்ணி சரியான உப்பு, பாத்ரூம் குழாய்ல வெள்ளையா படிஞ்சு நிக்கும். அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் பானெட்லயும் காஞ்சு வட்டம் வட்டமா உக்காந்துச்சு. வினிகரும் நல்ல தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வச்சு உடனே கழுவினா பாதி போச்சு, மீதி கிளியர் கோட்டுக்குள்ளயே, அதாவது பெயிண்டுக்கு மேல இருக்கிற கண்ணாடி மாதிரி பூச்சுக்குள்ளயே, இறங்கிருச்சு. அதுவும் போக ஒரு தடவைக்கு பத்துப் பன்னெண்டு பக்கெட் ஆகும். தமிழ்நாட்டுல இருந்து மணக்கடவு வழியா வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வரணும்னு 1970ல ஒப்பந்தம் போட்டும், கோடை வந்தா ஆழியாறு தண்ணி எப்ப வரும்னு வயக்காரங்க காத்துக் கிடக்கிற ஊரு இது. வாசல்ல கார் கழுவுன தண்ணி ரோட்டுல ஓடுறதப் பாக்க எனக்கே மனசு கேக்கல.

அப்பதான் ஆப்டிமம் நோ ரின்ஸ்ங்கிற ரின்ஸ்லெஸ் வாஷ் லிக்விட், எல்லாரும் ஓஎன்ஆர்னு சொல்றது, வாங்குனேன். 1-க்கு 256 கணக்கு, அதாவது 4 லிட்டர் தண்ணிக்கு 15 மில்லி ஊத்துனா போதும். நுரை வராது. நுரை வரலயேனு மொதல்ல நான் டபுளா ஊத்துனேன், கண்ணாடியில கோடு கோடா மேகம் மாதிரி நின்னுச்சு, அப்பறம் அளந்து மட்டும்தான் ஊத்துறேன். இதுல இருக்கிற பாலிமர் தூசியச் சுத்தி வழுவழுப்பா ஒரு உறை மாதிரி போட்டுக்கும், அதனால துணியில தூக்கும்போது பெயிண்ட உரசாம வந்துரும், கடைசியில அலசவும் வேண்டாம், துடைச்சா முடிஞ்சுது.

என் முறை இப்ப இதுதான். 2 லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர்ல அதே கலவைய ஊத்தி ஒரு பேனல் (ஒரு கதவு, இல்ல பானெட் மாதிரி ஒரு பாகம்) முழுக்க அடிச்சு ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஊற விடுவேன். பக்கெட்ல ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிய ஊறப் போட்டிருப்பேன், ஒண்ண எடுத்து நாலா மடிச்சா எட்டுப் பக்கம் கிடைக்கும், ஒரு இழுப்புக்கு ஒரு பக்கம், எட்டும் முடிஞ்சா அந்தத் துணி திரும்ப பக்கெட்டுக்குள்ள போகவே கூடாது. ரூஃப்ல ஆரம்பிச்சு கீழ வரணும், கதவோட அடிப்பாகம் கடைசி. அழுத்தாம நேர்க்கோட்டுல இழுக்கணும். ஒரு பேனல் முடிச்ச கையோட தடிமனான காஞ்ச துணியில துடைச்சிரணும். மொத்தம் 6 லிட்டர் தண்ணி, முக்கால் மணி நேரம். நிழல்ல, காலையில 7 மணிக்குள்ள. நைட்டு வந்தப்ப பம்பர்ல ஒட்டுன பூச்சிக்கு மட்டும் நனைஞ்ச துணிய அஞ்சு நிமிஷம் போத்தி வச்சாப் போதும், தேய்க்க வேண்டியதே இல்ல.

தண்ணி விஷயத்துல ஒண்ணு சொல்லணும். கம்மித் தண்ணிதான வேணும்னு நல்ல தண்ணியிலயே கலக்க ஆரம்பிச்சேன், வித்தியாசம் உடனே தெரிஞ்சுது. இப்ப படுக்கையறை ஏசில இருந்து சொட்டுற தண்ணியப் பிடிச்சு வச்சு ஸ்ப்ரேயருக்கு ஊத்துறேன், அதுல உப்பே கிடையாதுங்கிற மாதிரிதான், கண்ணாடி அவ்ளோ சுத்தமா வருது. ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணிய மட்டும் எடுத்துராதீங்க, சாதா தண்ணிய விட அதுலதான் உப்பு ஜாஸ்தி.

ரெண்டாவது வருஷம் ஆடியில ஒரு நாள் டார்ச் அடிச்சுப் பாத்தப்ப டிரைவர் பக்கக் கதவுல புதுசா சன்னக் கோடுங்க. ரொம்ப வேதனையா இருந்துச்சு. எதிர்வீட்டு அண்ணன், "நாந்தான் அப்பவே சொன்னனுங்களே தம்பி, தண்ணி ஊத்தாம கழுவுனா மண்ணு தேய்க்கத்தானே செய்யும்"னாரு. நானும் ஓஎன்ஆர்தான் காரணமோனு நெனச்சேன். ஆனா ரூஃப்லயும் டிக்கிலயும் ஒண்ணும் இல்ல. துணிய ஒவ்வொண்ணா விரிச்சு வெயில்ல பிடிச்சுப் பாத்தேன், ரெண்டு துணியில பொடிப்பொடியா மின்னுச்சு. வாசல் கொடியில காயப் போட்டிருந்தோம்! பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் எப்படி அடிக்கும்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, எம்சாண்ட் லாரி போற ரோடு வேற, பறந்து வந்த கல்தூசு ஈரத் துணியில ஒட்டிக் காஞ்சிருச்சு, அதையே நான் கதவுல இழுத்திருக்கேன். தென்னை நார்த் தூசு கூட பரவால்ல, மெதுவானது, கல்தூசு முனை முனையா இருக்கும், கண்ணாடியவே கீறும்.

அதுக்கப்பறம் துணி எல்லாம் வீட்டுக்குள்ளதான் காயும், காஞ்சதும் டப்பாவுல போட்டு மூடிருவேன். தனியா லிக்விட் சோப்புல அலசணும், கம்ஃபோர்ட் மாதிரி ஐட்டம் ஆகவே ஆகாது, அது இழைய அடைச்சு துணி தண்ணியவே உறிஞ்சாமப் போயிரும். உப்புத் தண்ணியில துவைச்சு விறைச்சுப் போனா கடைசி அலசுக்கு கொஞ்சம் வினிகர் விட்டா மறுபடி மெத்துனு ஆகும். கீழ விழுந்த துணி டயர் துடைக்கத்தான், எவ்ளோ விலைன்னாலும்.

எல்லாத்துக்கும் இது ஆகாது. மழைக்காலத்துல தோட்டத்துக்குப் போயிட்டு வந்து செம்மண்ணு அப்பிக் கிடந்தா மொதல்ல தண்ணி அடிச்சு மண்ண இறக்கிட்டுத்தான் ஓஎன்ஆர் பாட்டிலத் தொடணும், வீல் ஆர்ச்சுக்கு எப்பவும் தண்ணிதான். ஒரு 946 மில்லி பாட்டில் கணக்குப்படி 60 வாஷுக்கு மேல வரும், நான் ஸ்ப்ரேயருக்கும் சேத்து ஊத்துறதால நாப்பதுதான் வந்துச்சு, இப்ப மூணாவது பாட்டில் நடக்குது.

கதவுல விழுந்த கோடு லேசா பாலிஷ் பண்ணதுல போயிருச்சு. பானெட்ல பழைய போர் தண்ணி வட்டம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு, கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான்ங்கிறதால அடிக்கடி பாலிஷ் போட்டுச் சுரண்டவும் பயமா இருக்கு, இந்த ஆடிக் காத்து ஓயட்டும், அதுக்கப்பறம் ஒரே ஒரு தடவ பண்ணலாம்னு விட்டு வச்சிருக்கேன்.