ஆர்வி தண்ணீர் டேங்குக்கு எது: சாதா ப்ளீச்சா, இரட்டை பாட்டில் கிட்டா?

குளிர்காலம் முடிந்து ஆர்வியை (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வெளியே எடுக்கும் நேரத்தில், அமெரிக்க ஆர்வி சாமான் கடைகளில் டேங்க் சுத்தம் செய்யும் கிட் முன்வரிசைக்கு வந்துவிடும். இரண்டு பாட்டில்: ஒன்று கழுவ, இன்னொன்று வாடை போக்க. மளிகைக் கடையின் சோப்பு வரிசையில் கிடக்கும் சாதா ப்ளீச் அதைவிட மலிவு, வேலையும் அதிகம் செய்யும். ப்ளாஸ்டிக் வாடை மட்டும்தான் தொல்லை என்றால் கிட் வாங்கலாம். கிருமி சாக வேண்டும் என்றால் ப்ளீச்.

காரணம் லேபிளில் இருக்கிறது. கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் திரவத்துக்கு அமெரிக்காவில் ஈபிஏ (சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண் வேண்டும். 'கிளீனர்', 'டியோடரைசர்', 'ஃப்ரெஷ்னர்' என்று மட்டும் எழுதினால் வேண்டியதில்லை. கேம்கோ நிறுவனத்தின் டேஸ்ட்ப்யூர் ஸ்ப்ரிங் ஃப்ரெஷ் கிட் தன் பெயரில் சொல்லிக்கொள்வதே கிளீனர், டியோடரைசர் என்றுதான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாங்குபவர்தான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வாங்குகிறார். எந்த கிட்டை எடுத்தாலும் பாட்டிலைத் திருப்பி அந்தப் பதிவு எண்ணைத் தேடுங்கள்.

ப்ளீச்சிலும் கண்டதை எடுக்கக் கூடாது. வாசனை சேர்த்தது வேண்டாம். தெறிக்காத வகையும் வேண்டாம்: அதைக் கெட்டியாக்கச் சேர்த்த பொருள் நுரைத்துக்கொண்டே இருக்கும், அலசி முடியாது. ப்ளீச்சின் வேலைப்பொருளான சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஊரெல்லாம் சொல்லும் '15 கேலனுக்கு கால் கப்' என்ற கணக்கு பழைய 5.25 சதவீத ப்ளீச்சுக்கு வந்தது. இன்று கடையில் 6, 7.5 சதவீதம் எல்லாம் கிடைக்கிறது. 40 கேலன் டேங்கும் 6 கேலன் வெந்நீர் ஹீட்டரும் சேர்ந்தால் 46 கேலன். அதை 0.13ஆல் (அந்தக் கணக்கில் ஒரு கேலனுக்கு வரும் அவுன்ஸ்) பெருக்கினால் 6 அவுன்ஸ், அதாவது சுமார் 177 மில்லி, இது 5.25 சதவீதத்துக்கு. 7.5 சதவீத ப்ளீச் என்றால் 124 மில்லி போதும். இந்த அளவில் தண்ணீரில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) குளோரின் நிற்கும். அதை 4 மணி நேரம் விட வேண்டும். அவசரமென்றால் இரண்டு மடங்கு ஊற்றி 1 மணி நேரம். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே' என்று கை தாராளமாகப் போனால் பம்பின் டயஃப்ரமும் ரப்பர் வளையங்களும்தான் அடி வாங்கும். அலசும் வேலையும் இரட்டிப்பாகும்.

ஊற்றுவதற்கு முன் வேலை இருக்கிறது. ஹீட்டரை அணைத்து நன்றாக ஆறவிட்டு, ப்ரெஷர் ரிலீஃப் வால்வைத் தூக்கி அழுத்தத்தை விட்ட பிறகே வடிகால் மூடியைக் கழற்றுங்கள். சபர்பன் ஹீட்டர் என்றால் மூடியோடு ஆனோடு தண்டும் (தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரையும் உலோகத் தண்டு) வரும். அதற்கு ஒன்று, பதினாறில் ஒன்று அங்குல சாக்கெட் வேண்டும். ஆட்வுட் ஹீட்டரில் அலுமினியத் தொட்டி, ப்ளாஸ்டிக் மூடி, ஆனோடு கிடையாது. டேங்க்கையும் சிவப்பு, நீல லோ பாயின்ட் குழாய்களையும் (அடியில் உள்ள வடிகால் குழாய்கள்) திறந்து பழைய தண்ணீரை முழுக்க வடியுங்கள். பிறகு சும்மா தண்ணீர் விட்டு ஒரு முறை அலசுங்கள். உள்சுவரில் வழவழப்பு படிந்திருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. பம்ப் வாயில் உள்ள சல்லடையைக் கழுவுங்கள். கார்பன் ஃபில்டரைக் கழற்றி, வெறும் கூட்டை மாட்டுங்கள். இதை மறந்தால் ஃபில்டர் குளோரினை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருக்கும் குழாய்களுக்கு வெறும் தண்ணீர்தான் போகும்.

ப்ளீச்சை நேரடியாக டேங்கில் ஊற்றாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வெளியில் ஊற்றும் வாய் இருந்தால் ஒரு புனல் போதும். இப்போது வரும் பல வண்டிகளில் அது கிடையாது, ஹோஸ் மாட்டும் துளை மட்டும்தான். நாட்டிலஸ் பலகை (தண்ணீர் இணைப்புகளும் வால்வுகளும் ஒரே இடத்தில் உள்ள பலகை) உள்ள வண்டியில் திருகுகளை சானிடைஸ் நிலைக்கு மாற்றி, ஹோஸின் மறுமுனையை வாளியில் போட்டால் பம்பே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால், காலி ஹோஸுக்குள் கரைசலை ஊற்றி ஊர்க் குழாயில் மாட்டி டேங்க்குக்குத் தள்ள வேண்டும். கசியும், கையில் படும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் டேங்க்கை விளிம்பு வரை நிரப்புங்கள். முக்கால் டேங்கோடு நிறுத்தினால் மேல்சுவர் நனையாது.

இனி பம்பைப் போட்டு, ஹீட்டர் பைபாஸை மூடி, தண்ணீர் ஹீட்டருக்குள் போகும்படி வைத்து, ஒவ்வொரு குழாயிலும் சூடு, குளிர் இரண்டு பக்கமும் ப்ளீச் வாடை வரும் வரை ஓடவிடுங்கள். வெளி ஷவர், டாய்லெட் ஸ்ப்ரே, ஐஸ் மேக்கர், வாஷிங் மெஷின் இணைப்பு ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகும். அங்கே தங்கிய பழைய தண்ணீர் அடுத்த வாரமே மற்றதையும் கெடுக்கும். டேங்க் அளவு குறைந்திருந்தால் மறுபடி நிரப்பிவிட்டு நேரத்தை எண்ணத் தொடங்குங்கள்.

அலசுவதில்தான் பலருக்குப் பொறுமை போகிறது. ஒரு முறை நிரப்பி வடித்தால் பெரும்பாலும் போதாது, இரண்டு வேண்டும். மூக்கை நம்ப வேண்டாம், குளோரின் அளவைக் காட்டும் சோதனைப் பட்டை வாங்குங்கள். குடிநீரில் ஈபிஏ அனுமதிக்கும் மிச்சக் குளோரின் 4 பிபிஎம். ஊர்த் தண்ணீரிலேயே கொஞ்சம் குளோரின் இருக்கும் என்பதால் பட்டை சுழியம் காட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நீச்சல் குளப் பட்டை இந்தக் கடைசிக் கட்டத்துக்குச் சரி, ஆனால் 50 பிபிஎம்மை அது அளக்காது. அதற்கு உணவகங்களில் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்திருக்கும் 10 முதல் 200 வரை காட்டும் பட்டை வேண்டும். கிட்டுக்குக் கொடுக்க நினைத்த காசை இந்த இரண்டு பட்டைக்கும் கொடுங்கள். அலசிய தண்ணீர் சாக்கடைத் தண்ணீர் டேங்கில் சேரும். அது சிறியது, சீக்கிரம் நிறையும். கழிவு இணைப்பு உள்ள இடத்தில் வால்வைத் திறந்து வைத்து அலசுங்கள், முகாம் தரையில் கொட்டாதீர்கள்.

கிட்டின் வாடை பாட்டிலுக்குப் பதில் ஆப்பசோடா கரைத்த தண்ணீரை ஓரிரவு விட்டு அலசினாலும் ப்ளாஸ்டிக் வாடை குறையும். வினிகர் போடுவதென்றால் ப்ளீச் முழுக்க வெளியேறிய பிறகுதான். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

கூமுட்டை நாற்றம் வேறு கதை. சூடான குழாயில் மட்டும் வந்தால் குற்றவாளி டேங்க் இல்லை, ஹீட்டர். தண்ணீரில் உள்ள சல்பேட்டை பாக்டீரியா தின்ன, மெக்னீசியம் ஆனோடு அதற்குத் துணை போகிறது. ஹீட்டரைத் தனியாக அலசி, ஆனோடைப் பார்த்து, முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள். மூடியைப் போட்டு, ஹீட்டர் நிரம்பி சூடான குழாயில் தண்ணீர் சீராக வரும் வரை மின்சார ஸ்விட்சைத் தொடாதீர்கள். காலித் தொட்டியில் எலிமென்ட் சில விநாடிகளிலேயே எரிந்துபோகும்.

ப்ளீச்சைச் சிறிய பாட்டிலாக வாங்குங்கள். ஒரு வருஷம் தாண்டினால் வீரியம் குறையும், வெயில் படும் ஆர்வி அலமாரியில் இன்னும் சீக்கிரம். போன சீசன் மிச்சம் துணிக்கு ஆகும், டேங்க்குக்கு ஆகாது.