வெறும் லொறியில் வரும் நடுக்கம்

பழைய ஜப்பானிய லொறி ஒன்றை வாங்கலாமா என்று விசுவமடுவில் இருக்கும் நண்பர் கேட்டிருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் ஏறிய விலை, 2025இல் தடை தளர்ந்ததோடு இறங்கும் என்று அவர் காத்திருந்தவர். என்ஜின் வலுவும் டீசல் செலவும் அவர் அறிந்தவைதான். ஆகவே அதே வகையான என் லொறியில் நெடுங்காலமாக என் பொறுமையைச் சோதித்து, அண்மையில்தான் பெரும்பாலும் தீர்ந்த ஒரு குறையைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போகும்போது லொறியில் குற்றம் சொல்ல எதுவும் இராது. பாரத்தை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும்போது, ஓமந்தையைத் தாண்டி வேகம் 50ஐக் கடந்ததும் இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் அதிர்வு எழும். 60ஐ அண்மிக்கையில் கால் வைக்கும் தகடு உறுமும், கியர்த் தடி நடுங்கும். 70ஐத் தொடுமுன் எல்லாம் தணிந்துவிடும். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் இதை எவரும் உணர மாட்டார்கள். ஏ9 காபெட் வீதியாக மாறிய பிறகே வீதியின் குறை எது, வண்டியின் குறை எது என்று பிரித்தறிய முடிந்தது.

சில்லுகளைப் பேலன்ஸ் செய்யுங்கள் என்பதே எல்லோரும் முதலில் சொன்னது. செய்தேன், மாற்றமில்லை. கணக்குப் பார்த்தால் காரணம் தெளிவாகும். 7.50-16 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் ஓடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு நிமிடத்துக்கு 400 தடவை, அதாவது செக்கனுக்கு ஏழு தடவைக்கும் குறைவாகச் சுழலும். சில்லின் குறையானால் அது ஸ்டியரிங்கில் எண்ணிவிடக்கூடிய ஆட்டமாகத் தெரியும். என் லொறியிலோ ஸ்டியரிங் அமைதியாக இருந்தது, இருக்கைதான் முரன்றது. பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷல் பற்சக்கரங்களின் விகிதம் ஐந்தளவில் இருப்பதால், கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் சாஃப்ட் அதே வேகத்தில் நிமிடத்துக்கு 2000 தடவை சுழல்கிறது. முரலும் அதிர்வுக்கு அதுவே பொருந்தும்.

என்ஜினையும் இதே வழியில் விலக்கிவிடலாம். வேகத்தை மாற்றாமல் ஐந்தாம் கியரிலிருந்து நாலாம் கியருக்கு வந்தால் என்ஜினின் சுழற்சி கூடுகிறது, சாஃப்டின் சுழற்சி மாறுவதில்லை, நடுக்கமும் மாறவில்லை. நேரான, வெறுமையான வீதியில் நியூட்ரலில் விட்டேன், அப்போதும் அது இருந்தது. இவ்வளவையும் விளக்கிச் சொன்ன பிறகும் ஒரு கராஜில் என்ஜின் மவுண்ட்களையும் கிளட்ச் பிளேட்டையும் மாற்றிப் பணம் வாங்கினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வாகனத்தை நாளெல்லாம் ஓட்டுகிறவன் சொல்வதைக் கேட்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

பிறகு சாஃப்டைச் சாய்ந்த நிலையிலும் சுழலவிடும் யுனிவர்சல் ஜொயின்ட்களையும், அதை நடுவில் தாங்கும், ரப்பர் வெடித்துப்போயிருந்த சென்டர் பெயாரிங்கையும் மாற்றினோம். சாஃப்டைக் கழற்றிப் பேலன்ஸ் செய்தோம். பூட்டும்போது ஜொயின்ட்களைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று அம்புக்குறியைப் பார்த்தே பூட்டினோம். நடுக்கம் குறைந்தது, போகவில்லை.

பரந்தனில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார். டீசலும் உதிரிப்பாகமும் வன்னிக்குள் வராத காலத்தில், மண்ணெண்ணெயில் வண்டிகளை ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். "தம்பி, நெல் ஏத்தின பிறகும் நடுங்குதோ, இல்லாட்டி வெறுமனே வரேக்கை மட்டுமோ?" என்றார். பதிலைக் கேட்டதும் சாஃப்டைத் தொடவே இல்லை. லொறிக்குக் கீழே படுத்து, பின் ஸ்பிரிங்கின் பிளேட்டுகளை எண்ணினார். முன்னைய சொந்தக்காரர் கூடுதலாகப் பாரம் ஏற்றுவதற்காக மேலதிகப் பிளேட்டுகளைச் சேர்த்திருந்தார்.

அதன் விளைவு இதுதான். சாய்வாக வேலை செய்யும் யுனிவர்சல் ஜொயின்ட் சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒரு சுற்றுக்கு இரு தடவை முந்தியும் இரு தடவை பிந்தியும் சுழற்றும். சாய்வு 3 பாகையானால் அந்த வேறுபாடு பொருட்படுத்த வேண்டாத அளவு. 10 பாகையானால் ஒன்றரை வீதம் கூடியும் குறைந்தும் போகும். மறுமுனை ஜொயின்ட் அதே அளவு சாய்ந்திருந்தால் அச்சமில்லை, ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். என் லொறியில் தடித்த ஸ்பிரிங், வெறுமனே நிற்கும்போது பின்பக்கத்தை உயர்த்திச் சாய்வைக் கூட்டியது. அச்சையும் சற்றுத் திருப்பியதால் இரு முனைச் சாய்வுகளும் ஒத்துப்போகவில்லை. பாரம் ஏறினால் ஸ்பிரிங் தாழ்ந்து எல்லாம் உரிய இடத்துக்கு வந்துவிடும். சென்டர் பெயாரிங்கின் ரப்பர் அடிக்கடி வெடித்ததற்கும் இதுவே காரணம்: சாய்வு கூடிய ஜொயின்ட் அதை ஒவ்வொரு சுற்றிலும் உதைத்துக்கொண்டிருந்தது.

மேலதிகப் பிளேட்டுகளைக் கழற்றி, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் மெல்லிய இரும்பு ஆப்பு வைத்து, சாய்வை அளந்து பூட்டினார். இப்போது 60இல் காதுக்கு எட்டாத சிறு முரலல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவும் எனக்கு எரிச்சலூட்டுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. முன்னர் ஏற்றிய அளவு மூட்டைகளை இனி ஏற்றவும் முடியாது. அறுவடைக் காலத்தில் அது உண்மையான நட்டம்.

இந்த லொறி மாரிக் குளிரிலும் முதல் திருப்பிலேயே உயிர் பெறும். கணினிப் பெட்டி இல்லை, பம்ப் இயந்திரவகை, திறந்து பார்த்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். இவ்வளவும் உண்மை. ஆயினும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. இதே வகை லொறிகளில் பல வேறொருவரின் பேராசைக்காகத் திருத்தப்பட்டவை. அதைக் கண்டுபிடிக்கும் செலவு விலைச்சீட்டில் வராது. என்னுடையதை நான் விற்கப்போவதில்லை.

அதையும் மீறி அவர் வாங்குவதானால், விற்பவர் பாரத்தோடு ஓட்டிக் காட்டுவதை ஏற்க வேண்டாம். மாங்குளத்திலிருந்து கொக்காவில் வரை வெறுமனே ஓட்டி, 60இல் இருக்கையைக் கவனித்து, நிறுத்தியதும் கீழே குனிந்து பின் ஸ்பிரிங்கைப் பார்க்கட்டும். பிளேட்டுகளில் சில மற்றவற்றைவிடப் புதிதாகவோ தடிப்பாகவோ இருந்தால், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வரட்டும்.